ஸ்காட்லாந்தில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

கிளாஸ்கோ, எடின்பரோ, அபர்டீன், டன்டி ஆகிய நகரங்களிலும் அவற்றைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வாழும் பெற்றோர் அனைவருக்கும் வணக்கம்.

2026 மே 7ஆம் நாள், ஹோலிரூட் என்று வழங்கப்படும் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்தல் நடக்கிறது. வாசலுக்கு வரும் வேட்பாளர்களிடமும், நம் பொங்கல் விழாக்களுக்குச் சிறப்பு விருந்தினராக வந்து பொன்னாடை பெற்றுச் செல்லும் உறுப்பினர்களிடமும் நம்மவர்கள் கேட்பவை பெரும்பாலும் இரண்டு: விசா, மருத்துவரைப் பார்க்கக் காத்திருக்க வேண்டிய நாட்கள். இவற்றுள் முதலாவது ஹோலிரூட்டின் அதிகாரத்தில் இல்லை. அது லண்டன் முடிவு செய்வது. ஆனால் முழுக்க முழுக்க ஹோலிரூட்டின் கையிலிருப்பதும், நாம் இரவும் பகலும் கவலைப்படுவதுமான ஒரு விஷயத்தைப் பற்றி நாம் வாய் திறப்பதே இல்லை. நம் பிள்ளைகளுக்கு மதிப்பெண் வழங்கும் நிறுவனத்தை யார் கண்காணிப்பது, அவர்களுடைய பள்ளியைப் பார்வையிட வரும் ஆய்வாளர் யாருக்குப் பதில் சொல்வது என்பதே அந்த விஷயம்.

நல்ல பள்ளியின் சேர்க்கை எல்லைக்குள் வீடு கிடைக்க வேண்டுமென்று, கிளாஸ்கோவை ஒட்டிய நியூட்டன் மேர்ன்ஸிலும் பேர்ஸ்டெனிலும் கூடுதல் விலை கொடுக்கத் தயங்காதவர்கள் நாம். பல்கலைக்கழகச் சேர்க்கைக்கு வழி திறக்கும் ஹையர் தேர்வில் ஐந்து ‘ஏ’ வாங்காவிட்டால் மருத்துவப் படிப்பு என்னாகும் என்பதைப் பிள்ளை ஏழாம் வகுப்புக்கு வரும்போதே கணக்குப் போடத் தொடங்குகிறோம். அப்படிப்பட்ட நாம், அந்த ‘ஏ’ எப்படித் தீர்மானிக்கப்படுகிறது, அதில் தவறு நேர்ந்தால் அதைத் தவறென்று சொல்லும் அதிகாரம் யாருக்கு உண்டு என்று விசாரிக்காமல் இருப்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. கடந்த இரண்டு ஆண்டுகளில் இவற்றையெல்லாம் மாற்றி எழுதும் மசோதா ஒன்று ஹோலிரூட்டில் விவாதிக்கப்பட்டு, 2025 ஜூன் 25 அன்று நிறைவேறி, அந்த ஆகஸ்டில் மன்னரின் ஒப்புதலையும் பெற்றுவிட்டது. எஸ்.கியூ.ஏ. என்று நாம் அறிந்த ஸ்காட்டிஷ் குவாலிஃபிகேஷன்ஸ் அத்தாரிட்டியின் இடத்துக்குக் குவாலிஃபிகேஷன்ஸ் ஸ்காட்லாந்து என்ற புதிய அமைப்பு வந்திருக்கிறது. பள்ளி ஆய்வுத் துறை, எஜுகேஷன் ஸ்காட்லாந்து என்னும் அரசு முகமையிலிருந்து பிரிந்து, தலைமை ஆய்வாளரின் கீழ் இயங்கும் தனி அலுவலகமாகிறது. இந்தச் சட்டம் தீர்க்காமல் விட்டுச் சென்றவை அடுத்த நாடாளுமன்றத்தின் மேசைக்குப் போகின்றன. அவற்றைப் பற்றி நாமும் பேச வேண்டும் என்பதற்காகவே இம்மடல்.

இந்தக் கதை புதிதல்ல என்பதால் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டியிருக்கிறது. பள்ளித் தேர்வுகளை நடத்திய வாரியமும் தொழிற்கல்விச் சான்றிதழ் வழங்கிய மன்றமும் 1997இல் ஒன்றிணைக்கப்பட்டு உருவானதுதான் எஸ்.கியூ.ஏ. மூன்றே ஆண்டுகளில், புதிய பாடத்திட்டத்தின் கீழ் முதல் ஹையர் தேர்வுகள் நடந்த 2000ஆம் ஆண்டில், அதன் தரவு மேலாண்மை நிலைகுலைந்தது. ஆயிரக்கணக்கான மாணவர்களுக்குத் தவறான முடிவுகளோ முழுமையற்ற முடிவுகளோ போய்ச் சேர்ந்தன. நிறுவனத்தின் தலைமை நிர்வாகி ரான் டக் பதவி விலகினார். அப்போது ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் பிறந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அதன் இரண்டு குழுக்கள் தனித்தனியே விசாரணை நடத்தின. அதன் விளைவாக 2002இல் ஒரு சட்டம் வந்தது. அது எஸ்.கியூ.ஏ.வின் நிர்வாகக் குழுவை மாற்றி அமைத்தது. நிறுவனத்தைப் பயன்படுத்துவோரின் குரல் கேட்கப்பட வேண்டுமென்று ஓர் ஆலோசனை மன்றத்தையும் ஏற்படுத்தியது. 2025ஆம் ஆண்டுச் சட்டத்தைப் படிப்பவர்கள் இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்த பெரிய சறுக்கல் 2020இல் நேர்ந்தது. கொரோனாவால் தேர்வுகள் இரத்தாகின; ஆசிரியர்கள் தந்த மதிப்பீடுகளை எஸ்.கியூ.ஏ. தன் பங்குக்குச் சரிபார்த்துத் திருத்தியது. அந்தத் திருத்தத்தில் பள்ளியின் முந்தைய ஆண்டுகளின் தேர்ச்சிப் போக்கு முக்கிய அளவுகோலாக இருந்தது. ஆகஸ்ட் 4ஆம் நாள் முடிவுகள் வந்தபோது ஏறத்தாழ 1,24,000 மதிப்பீடுகள் குறைக்கப்பட்டிருந்தன. மிகவும் பின்தங்கிய பகுதிகளின் மாணவர்களுக்கு ஹையர் தேர்ச்சி விகிதம், ஆசிரியர் மதிப்பீட்டைவிட 15.2 புள்ளிகள் குறைந்தது. மிகவும் வசதியான பகுதிகளில் 6.9 புள்ளிகள் மட்டுமே குறைந்தது. ஒரு மாணவி எவ்வளவு உழைத்தாள் என்பது பின்னுக்குப் போய், அவள் எந்தப் பள்ளியில் உட்கார்ந்திருந்தாள் என்பது முன்னுக்கு வந்துவிட்டது. கிளாஸ்கோவின் ஜார்ஜ் சதுக்கத்தில் மாணவர்கள் திரண்டார்கள். ஒரே வாரத்தில், ஆகஸ்ட் 11 அன்று, அப்போதைய கல்வி அமைச்சர் ஜான் ஸ்வின்னி வருத்தம் தெரிவித்து, குறைக்கப்பட்ட மதிப்பெண்கள் அனைத்தையும் ஆசிரியர் மதிப்பீட்டின்படியே திருப்பி அளித்தார். இரண்டு நாள் கழித்து வந்த நம்பிக்கையில்லாத் தீர்மானத்தையும் தாண்டினார். அதே ஸ்வின்னி முதலமைச்சராக இருந்த காலத்தில்தான் எஸ்.கியூ.ஏ.வை முடிவுக்குக் கொண்டுவரும் மசோதா தாக்கலாயிற்று என்பது அரசியலின் விளையாட்டு.

அந்த ஆகஸ்டில் தம் பிள்ளைக்கு எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வந்தது என்று என்னிடம் வருந்திய பெற்றோர் பலர். அவர்களில் ஒருவர்கூடத் தம் உறுப்பினருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பவில்லை. “நாம் போய் எதையாவது கேட்டு, பிள்ளைக்குப் பாதகமாகிவிட்டால்?” என்ற அச்சம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் மதிப்பெண்களைத் திருப்பி வாங்கித் தந்தவர்கள் பதாகை பிடித்துத் தெருவில் நின்ற பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

அதன் பிறகு அறிக்கைகளின் காலம் தொடங்கியது. 2021 ஜூனில் பொருளாதார ஒத்துழைப்புக்கும் வளர்ச்சிக்குமான ஓ.இ.சி.டி. அமைப்பின் ஆய்வறிக்கை வந்த கையோடு எஸ்.கியூ.ஏ. மாற்றப்படும் என்றும், பள்ளி ஆய்வுத் துறை தனியே பிரிக்கப்படும் என்றும் அரசு அறிவித்தது. அதை எப்படிச் செய்வது என்று பரிந்துரைக்கும் பொறுப்பு, ஆசிரியர் மன்றத்தின் முன்னாள் தலைமை நிர்வாகியான பேராசிரியர் கென் மியூரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருடைய அறிக்கை 2022 மார்ச்சில் வெளிவந்தது. தேர்வு முறையையே மாற்றுவது பற்றிப் பேராசிரியர் லூயிஸ் ஹேவர்டின் அறிக்கை 2023 ஜூனில் வந்தது. அதன் துணிச்சலான பகுதிகள் பெரும்பாலும் அலமாரியில் இருக்கின்றன, அதைத் தனியே பேச வேண்டும். மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது 2024 ஜூனில். வாக்குறுதிக்கும் மசோதாவுக்கும் இடையில் மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்த மூன்றாண்டுகளிலும், மூடப்படும் என்று அறிவிக்கப்பட்ட ஒரு நிறுவனமே நம் பிள்ளைகளுக்குத் தேர்வு நடத்திக்கொண்டிருந்தது.

மியூர் சொன்னவற்றுள் ஒன்றைத்தான் நான் இம்மடலின் நடுவில் வைக்க விரும்புகிறேன். எஸ்.கியூ.ஏ. இரண்டு வேலைகளைச் செய்துவந்தது. தேர்வு நடத்திச் சான்றிதழ் வழங்குவது ஒன்று. தகுதிச் சான்றிதழ்களுக்கு அங்கீகாரம் அளித்து அவற்றை ஒழுங்குபடுத்துவது மற்றொன்று. இந்த இரண்டாவது வேலையை ஒரு தனி முகமைக்கு மாற்றிவிட வேண்டும் என்றார் மியூர். அரசு கொண்டுவந்த மசோதாவில் அது நடக்கவில்லை. இரண்டு வேலைகளும் புதிய அமைப்பின் கூரைக்கு அடியிலேயே, உள்ளே ஒரு தடுப்புச் சுவருடன், தொடர்கின்றன. நாடாளுமன்றத்தின் கல்வி, சிறார், இளையோர் குழு சாட்சியம் கேட்டபோதும் சரி, அவையில் விவாதம் நடந்தபோதும் சரி, மிகுதியாக அலசப்பட்டது இந்தப் புள்ளிதான். புதிய மொந்தையில் பழைய கள் என்று நாம் சொல்வதையே எதிர்க்கட்சியினர் தம் மொழியில் சொன்னார்கள்.

இதில் இன்னும் ஒரு நுட்பம் இருக்கிறது, பலருக்கும் தெரியாதது. அந்த அங்கீகாரப் பிரிவு பெரும்பாலும் தொழில்சார் தகுதிகளைக் கவனிப்பது. நம் பிள்ளைகள் எழுதும் நேஷனல் 5, ஹையர், அட்வான்ஸ்ட் ஹையர் ஆகியவற்றைத் தேர்வு அமைப்புக்கு வெளியே நின்று ஒழுங்குபடுத்தும் அமைப்பு எதுவுமே ஸ்காட்லாந்தில் இருந்ததில்லை. இங்கிலாந்தில் தேர்வு வாரியங்கள் பல. அவற்றை மேற்பார்க்க ஆஃப்குவால் இருக்கிறது, அது அமைச்சருக்குக் கீழ்ப்படியாமல் நேரே நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்வது. வேல்ஸில் 2015 முதல் குவாலிஃபிகேஷன்ஸ் வேல்ஸ் என்ற தனி ஒழுங்குமுறை அமைப்பு இருக்கிறது. வட அயர்லாந்தில் இரண்டு வேலைகளும் ஒரே அமைப்பிடம் இருக்கின்றன என்பதையும் நேர்மைக்காகச் சொல்லிவிட வேண்டும். சிறிய நாட்டில் தனி ஒழுங்குமுறை அமைப்பு என்றால் கூடுதல் செலவு, கூடுதல் அலுவலகம், ஏற்கெனவே நீண்டுவிட்ட மாற்றத்தில் இன்னொரு குலுக்கல் என்ற வாதத்திலும் நியாயம் உண்டு. ஆனால் அந்தச் செலவை மிச்சப்படுத்துவதால் என்ன இழக்கிறோம் என்பதை 2024 ஆகஸ்டு காட்டியது.

அந்த ஆண்டு வரலாற்றுப் பாட ஹையர் தேர்வில் தேர்ச்சி விகிதம் முந்தைய ஆண்டின் 78.8 விழுக்காட்டிலிருந்து 65.7ஆகச் சரிந்தது. ஒரே ஆண்டில் 13 புள்ளிகளுக்கு மேல் சரிவு. வரலாற்று ஆசிரியர்கள் கொதித்தெழுந்தார்கள். விடைத்தாள் திருத்தியவர்களே சிலர், திருத்தும் அளவுகோல் நடுவில் கடுமையாக்கப்பட்டதாகச் சொன்னார்கள். விசாரணை வேண்டும் என்ற குரல் எழுந்தது. விசாரித்தது யார் என்று பாருங்கள்: எஸ்.கியூ.ஏ.வே தன்னை மறுஆய்வு செய்துகொண்டு, அதை வேல்ஸின் தேர்வு வாரியமொன்றின் அதிகாரியைக் கொண்டு சரிபார்த்தது. திருத்தியதில் குறையில்லை, மாணவர்கள் எழுதியதுதான் தரம் குறைந்தது என்று நவம்பரில் முடிவு சொன்னது. அந்த முடிவு சரியாகவே இருக்கலாம். நான் அதை மறுக்க வரவில்லை. ஆனால் அது சரியென்று நம்பவைக்கக்கூடிய, தேர்வு அமைப்புக்கு எந்த வகையிலும் கடன்படாத ஒரு குரல் நாட்டில் இல்லை. குற்றம் சாட்டப்பட்டவர் தம் வழக்கைத் தாமே விசாரித்து வெளியிடும் தீர்ப்பு எவ்வளவு நேர்மையானதாக இருந்தாலும் அதற்கு மதிப்புக் குறைவுதான். ஆசிரியர்களின் மனக்குறை தீரவில்லை. கல்விக் குழு இரு தரப்பையும் அழைத்துக் கேட்டது; அதற்கு மேல் அதனால் செய்ய முடிந்தது குறைவு, ஏனென்றால் விடைத்தாளைத் திறந்து மதிப்பிடும் நிபுணத்துவம் எந்த நாடாளுமன்றக் குழுவுக்கும் கிடையாது.

குழுவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு மக்களவை, மாநிலங்களவை என்ற இரட்டை ஏற்பாடு பழகிய ஒன்று. ஹோலிரூட்டில் மேலவை கிடையாது. 129 உறுப்பினர்கள், ஒரே அவை. அவையில் நிறைவேறிய மசோதாவை மீண்டும் எடுத்துப் பிரித்துப் பார்க்க இன்னோர் அவை இல்லாத காரணத்தால், அந்த வேலையையும் சேர்த்துச் செய்யும் வகையில்தான் குழுக்கள் வடிவமைக்கப்பட்டன. முதல் கட்டத்தில் குழு பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறது, நிபுணர்களையும் ஆசிரியர் சங்கங்களையும் அமைச்சரையும் நேரில் அழைத்து விசாரிக்கிறது, மசோதாவின் பொதுக் கொள்கை பற்றி அறிக்கை தருகிறது. அதன்மேல் அவை விவாதித்து வாக்களிக்கிறது. இந்த மசோதாவுக்கு அது 2024 டிசம்பரில் நடந்தது. இரண்டாம் கட்டத்தில் குழு ஒவ்வொரு பிரிவாக எடுத்துத் திருத்தங்களைப் பரிசீலிக்கிறது. மூன்றாம் கட்டத்தில் முழு அவையும் கூடித் திருத்துகிறது, நிறைவேற்றுகிறது அல்லது நிராகரிக்கிறது. ஆளும் ஸ்காட்டிஷ் தேசியக் கட்சிக்கு (எஸ்.என்.பி.) அப்போது அவையில் பெரும்பான்மை இல்லாததால் இந்த மசோதாவில் பிற கட்சிகளின் திருத்தங்களுக்கு வழக்கத்தைவிட அதிகமாகவே செவிசாய்க்க வேண்டியிருந்தது. முன்னர் தாமே பள்ளி ஆசிரியராக இருந்த அன்றைய கல்வி அமைச்சர் ஜென்னி கில்ரூத் பலவற்றை ஏற்றார், சிலவற்றில் அசையவில்லை.

முதல் கட்டத்தில் குழு கருத்துக் கேட்டபோது எழுதியவர்களின் வட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஆசிரியர் சங்கங்கள், பல்கலைக்கழகங்கள், உள்ளாட்சி மன்றங்கள், சிறார் உரிமை அமைப்புகள், கேலிக் மொழிக்காகவும் சைகை மொழிக்காகவும் பேசுவோர். இவர்கள் எழுதியதால் மசோதாவில் சொற்கள் மாறின. கேலிக் பேசுவோர் எண்ணிக்கையில் மிகப் பெரிய கூட்டமல்ல. ஆயினும் குழு கூடும் நாளை அறிந்து, எந்தப் பிரிவில் எந்தச் சொல் வேண்டும் என்று எழுதிக்கொண்டு போகத் தெரிந்தவர்கள். நம் சங்கங்கள் ஆண்டு விழாவுக்கு அரங்கம் பிடிப்பதில் காட்டும் திறமையில் கால்வாசியை இதற்குச் செலவிட்டிருந்தால்கூடப் போதும்.

இங்கே ஒரு கிளைப் பேச்சு. நம்மவர்கள் கல்வி தொடர்பாக உறுப்பினர்களிடம் வைக்கும் கோரிக்கை ஒன்றே ஒன்று உண்டென்றால், அது தமிழைத் தேர்வுப் பாடமாக்க வேண்டும் என்பது. உருது, மாண்டரின், கண்டனீஸ் ஆகியவற்றில் தேர்வு எழுதும் வாய்ப்பு இங்கே இருக்கிறது, தமிழில் இல்லை. சனி, ஞாயிறுகளில் தமிழ்ப் பள்ளிகளை நடத்தும் தன்னார்வலர்களின் உழைப்பை அறிந்தவன் என்ற முறையில் அந்தக் கோரிக்கையை நானும் ஆதரிக்கிறேன். ஆனால் ஒரு புதிய மொழியைத் தேர்வுப் பாடமாக ஏற்பதை யார், எந்த அளவுகோலைக் கொண்டு, எவ்வளவு மாணவர் எண்ணிக்கையை எதிர்பார்த்து முடிவு செய்கிறார்கள் என்பதும் இந்தத் தேர்வு அமைப்பின் வெளிப்படைத்தன்மையைச் சேர்ந்த கேள்வியே. கதவின் பூட்டு எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பதில் பயனில்லை.

இனி பள்ளி ஆய்வு. ஊரில் டி.இ.ஓ. வருகிறார் என்றால் முதல் நாளே வகுப்பறைகள் கழுவப்பட்டதும், யார் எந்தக் கேள்விக்குக் கை தூக்க வேண்டும் என்று ஒத்திகை நடந்ததும் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். ஸ்காட்லாந்தில் அரசியின் பெயரால் பள்ளி ஆய்வாளர் நியமிக்கப்பட்டது 1840இல்; மிகப் பழைய மரபு. ஆனால் இந்த மரபு கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் மூன்று முறை இடம் மாறியிருக்கிறது. 2000ஆம் ஆண்டின் தேர்வுக் குளறுபடியில், கொள்கையை வகுப்பதிலும் ஆய்வாளர்களுக்குப் பங்கு இருந்தது விமர்சனத்துக்கு உள்ளாகி, 2001இல் ஆய்வுத் துறை ஒரு தனி முகமையாக்கப்பட்டது. பத்தே ஆண்டுகளில், 2011இல், பாடத்திட்டத்துக்குத் துணை செய்யும் நிறுவனத்தோடு அதை இணைத்து எஜுகேஷன் ஸ்காட்லாந்து உருவாக்கப்பட்டது. பள்ளிகளுக்கு எப்படிக் கற்பிப்பது என்று வழிகாட்டுவதும், அவை சரியாகக் கற்பிக்கின்றனவா என்று சோதிப்பதும் ஒரே அலுவலகத்தின் வேலையாயின. அந்த முகமையின் தலைமை நிர்வாகியும் தலைமை ஆய்வாளரும் ஒருவராகவே இருந்த ஆண்டுகளும் உண்டு. வழிகாட்டுதலிலேயே கோளாறு இருந்தால் அதை எந்த ஆய்வாளர் எழுதுவார்? இப்போது 2025ஆம் ஆண்டுச் சட்டம் மீண்டும் பிரித்திருக்கிறது. முன்பு போல நிர்வாக ஆணையால் அல்லாமல் சட்டத்தால் பிரித்திருப்பதுதான் இம்முறை உள்ள உண்மையான முன்னேற்றம். தலைமை ஆய்வாளர் கல்வி முறையின் நிலை பற்றி அறிக்கை தயாரித்து நாடாளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும் என்பதும் நல்லது.

ஆயினும் அறிக்கை மேசைக்கு வருவது வேறு, அதைப் படித்துக் கேள்வி கேட்பது வேறு. ஹோலிரூட்டின் குழுக்கள் ஒரே வாரத்தில் மசோதா, நிதிநிலை, மனுக்கள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டியிருக்கிறது. தலைமை ஆய்வாளரின் அறிக்கைக்கு ஆண்டுக்கு ஒரு முழு அமர்வாவது ஒதுக்கப்படுமா, அதில் அமைச்சர் பதில் சொல்ல வைக்கப்படுவாரா என்பதைச் சட்டம் உறுதி செய்யாது. உறுப்பினர்களின் ஆர்வம்தான் உறுதி செய்யும். ஆர்வம், தபால்பெட்டிக்கு வரும் கடிதங்களைப் பொறுத்தது.

ஆய்வு எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை நடக்கிறது என்பது நம்மை நேரடியாகத் தொடும் விஷயம். ஸ்காட்லாந்தில் எல்லாப் பள்ளிகளையும் குறித்த ஆண்டுகளுக்கு ஒருமுறை பார்வையிடும் சுற்றுமுறை இல்லை. மாதிரிக்குச் சில பள்ளிகளைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கிறார்கள். பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆய்வாளர் காலடி படாத பள்ளிகளும் உண்டு. வீடு வாங்குமுன் நாம் இணையத்தில் தேடிப் படிக்கும் ஆய்வறிக்கையின் தேதியை ஒரு முறை பாருங்கள்; அறிக்கையில் பாராட்டப்பட்ட தலைமையாசிரியர் ஓய்வுபெற்று, அப்போது படித்த பிள்ளைகள் பட்டம் பெற்று வேலைக்கே போயிருக்கலாம். அதே நேரம், ஆய்வை மிகக் கடுமையாக்குவதுதான் தீர்வு என்றும் நான் சொல்லவில்லை. இங்கிலாந்தில் ஆஃப்ஸ்டெட் ஒரு பள்ளியின் மொத்த நிலையையும் ஒற்றைச் சொல்லில் சுருக்கித் தீர்ப்பு வழங்கிவந்தது. 2023 தொடக்கத்தில் ரெடிங் நகரில் ஒரு தலைமையாசிரியர் தம் உயிரை மாய்த்துக்கொண்டதற்கு அத்தகைய ஆய்வும் காரணமாயிற்று என்று மரண விசாரணை அதிகாரி முடிவு சொன்ன பிறகு, 2024 செப்டம்பரில் அந்த ஒற்றைச் சொல் கைவிடப்பட்டது. ஸ்காட்லாந்தின் முறையில் கற்பித்தல், தலைமை, மாணவர் நலன், அடைவு போன்ற கூறுகளை ஆறு படிநிலைகளில் தனித்தனியே மதிப்பிடுகிறார்கள்; இது மேலானது என்றே நினைக்கிறேன். குறை, அது அரிதாக நடப்பதில்தான். கூடுதல் ஆய்வுகள் வேண்டுமென்றால் கூடுதல் ஆய்வாளர்கள் வேண்டும். தனி அலுவலகம் அமைத்த சட்டத்தோடு அதற்கான பணமும் ஆண்டுதோறும் வருகிறதா என்பதை நிதிநிலை அறிக்கையில்தான் தேட வேண்டும்.

புதிய தேர்வு அமைப்புக்குள் மாணவர்களின் நலனைப் பேச ஒரு குழு, ஆசிரியர்களுக்கு ஒரு குழு, ஆலோசனை மன்றம், இரு தரப்பினருக்கும் உரிமைப் பட்டயங்கள் ஆகியவற்றையும் சட்டம் ஏற்படுத்தியிருக்கிறது. 2002இல் ஏற்படுத்தப்பட்ட ஆலோசனை மன்றத்தை நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான். அந்த மன்றம் இருந்துகொண்டிருந்தபோதுதான் 2020 நடந்தது. ஆலோசனை சொல்லும் அமைப்புக்கு, தன் ஆலோசனை ஏன் ஏற்கப்படவில்லை என்று எழுத்தில் கேட்டு வாங்கும் உரிமையும், அந்தப் பதில் பொதுவில் வெளியாகும் ஏற்பாடும் இல்லாவிட்டால் அது தேநீர் அருந்திக் கலையும் கூட்டமாகிவிடும். இடித்துரைப்பவர்களை அருகில் உட்கார வைப்பதோடு அவர்கள் சொன்னதைக் கேட்டதற்கான சான்றையும் நாம் கேட்க வேண்டும்.

சரி, நாம் என்ன செய்ய முடியும்? முதலில் வாக்குரிமை பற்றி. நம்மில் பலர் வேலை விசாவில் இருப்பவர்கள் என்பதால் இந்தத் தேர்தல் நமக்கில்லை என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. இந்திய, இலங்கைக் குடிமக்கள் காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில் நெடுங்காலமாகவே இங்கு வாக்களிக்கலாம். 2020இல் வந்த சட்டம் சட்டப்படி தங்கியிருக்கும் பிற வெளிநாட்டவருக்கும் அந்த உரிமையை விரித்தது. பதினாறு வயது நிரம்பிய பிள்ளைகளுக்கும் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத் தேர்தலில் வாக்கு உண்டு. அதாவது ஹையர் எழுதும் உங்கள் மகளுக்கும், தன் விடைத்தாளைத் திருத்தும் அமைப்பைக் கண்காணிக்கப் போகும் நாடாளுமன்றத்தைத் தேர்ந்தெடுப்பதில் பங்கு இருக்கிறது. வாக்குப்பதிவு நாள் தேர்வுக் காலத்தின் நடுவிலேயே வருகிறது. படிப்புக்கு இடையூறு என்று பிள்ளையைத் தடுத்துவிடாதீர்கள், பத்து நிமிட வேலைதான். வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், அவ்வளவே. இந்தத் தேர்தலுக்கு வாக்குச்சாவடியில் புகைப்பட அடையாள அட்டை கேட்க மாட்டார்கள்.

தேர்தலுக்குப் பிறகு, உங்கள் தொகுதிக்கு ஓர் உறுப்பினரும் உங்கள் மண்டலத்துக்கு ஏழு உறுப்பினர்களும் இருப்பார்கள். எட்டுப் பேருமே உங்கள் பிரதிநிதிகள்; எவருக்கும் நீங்கள் கடிதம் எழுதலாம். அவர்களில் யார் கல்விக் குழுவில் இடம்பெறுகிறார் என்று பாருங்கள். பள்ளிச் சான்றிதழ்களை வெளியே நின்று ஒழுங்குபடுத்தும் ஏற்பாடு பற்றிய கேள்வியைக் குழு மீண்டும் எடுக்குமா என்றும், சட்டம் எப்படிச் செயல்படுகிறது என்று சில ஆண்டுகளில் பின்னாய்வு செய்யுமா என்றும் கேளுங்கள். அடுத்த முறை ஏதேனும் ஒரு பாடத்தில் தேர்ச்சி 13 புள்ளிகள் சரிந்தால் அதை விசாரிப்பவர் யாராக இருப்பார் என்று ஒரே ஒரு வரியில் பதில் கேளுங்கள். அந்த வரியை எழுத முடியாமல் இரண்டு பக்கம் எழுதுகிறார் என்றால் அதையே பொதுவில் பகிருங்கள்.

பள்ளிகளின் பெற்றோர் மன்றங்களுக்கு 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி இடமும் மதிப்பும் உண்டு. நான் சென்ற கூட்டங்களில் தமிழ் முகங்களைக் காண்பது அரிதாக இருக்கிறது. ஆய்வாளர்கள் பள்ளிக்கு வரும்போது பெற்றோரின் கருத்தையும் கேட்கிறார்கள். கருத்துப் படிவம் வீட்டுக்கு வரும்போது அதை மறுசுழற்சிக் குப்பையில் போடாமல் நிரப்பி அனுப்புங்கள். எல்லாக் கட்டங்களிலும் ‘மிக நன்று’ என்று குறித்து அனுப்புவது மரியாதை என்று நினைக்க வேண்டாம். பள்ளியில் உங்களுக்குப் பிடித்ததையும் பிடிக்காததையும் அதில் எழுதுங்கள். ஆங்கிலம் தயக்கமாக இருந்தால் பிள்ளையை உட்கார வைத்து எழுதச் சொல்லுங்கள், அவர்களுக்குப் பள்ளியைப் பற்றி நம்மைவிட அதிகம் தெரியும்.

தமிழ்ச் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்குத் தனியே ஒரு வேண்டுகோள். தேர்தலுக்கு முன் எப்படியும் வேட்பாளர்களை அழைத்து ஒரு சந்திப்பு நடத்துவீர்கள். அதில் அரைமணி நேரத்தைத் தேர்வு அமைப்பு, பள்ளி ஆய்வு ஆகிய இரண்டுக்கும் ஒதுக்குங்கள். கேள்விகளை முன்கூட்டியே எழுத்தில் அனுப்பி, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். நன்றியுரைக்குப் பிறகு அவற்றைச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, புதிய கல்விக் குழு அமைந்ததும் அதே பதில்களை இணைத்து அதன் தலைவருக்கு ஒரு கடிதம் அனுப்புங்கள். கடிதத்தை எழுதித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

அன்புடன்,
கிளாஸ்கோவில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் ஒரு தந்தை